பிரம்படி யார் முதுகில்?

'சபாபதி' படத்தில் சபாபதிகள் இரண்டு பேர். ஒருவர் பணக்கார வீட்டுப் பிள்ளை, படிப்பு மண்டையில் ஏறாதவர். அவராக வந்தவர் டி.ஆர். இராமச்சந்திரன். இன்னொருவன் அந்த வீட்டு வேலைக்காரன், சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தே காரியத்தைக் கெடுப்பவன்; அவனாக வந்தவர் காளி என். ரத்தினம். எசமானுக்கும் ஏவலாளுக்கும் ஒரே பெயரை, அதுவும் தில்லையில் ஆடுகிறவரின் பெயரை வைத்து இந்தக் கேலி நாடகத்தை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தவர். அவருடைய நாடகம் 1941இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில் படமானபோது தமிழ் சினிமா பேசத் தொடங்கிப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. புராணக் கதையும் பாட்டுமாகவே படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், முழுக்க முழுக்கச் சிரிப்பை மட்டும் நம்பி ஒரு படம் ஓடியது புதுசு.

காளி ரத்தினத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் காளி அவர் நாடக மேடையில் கட்டிப் பேர் வாங்கிய வேடம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் வாத்தியார். அங்கே அவரிடம் வசனமும் நடையும் கற்ற சிறுவர்களில் ஒருவர், கண்டிப் பக்கத்து நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி. இராமச்சந்திரன். மாணவர் கதாநாயகனாகி, பிறகு முதலமைச்சருமானார். வாத்தியாரோ திரையில் வேலைக்காரனாகவும் அசடனாகவும் சி.டி. ராஜகாந்தத்தோடு சோடி சேர்ந்து சண்டை பிடிப்பவராகவும் வந்துபோனார். மேடையில் அம்மனாக நின்ற மனிதரைப் படம் வாசற்படியில் நிறுத்தியது. அதைப் பெரிய வீழ்ச்சியாக அன்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நாடகக்காரனுக்குக் கம்பெனி எந்த வேடத்தைக் கொடுக்கிறதோ அதுதான் வேடம்.

படத்தைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெயர் ஒன்று, புத்தியும் ஏறத்தாழ ஒன்று. ஒருவன் நாற்காலியில் இருக்கிறான், மற்றவன் கை கட்டி நிற்கிறான். இந்தப் பங்கைப் பிரித்தது யார்? கடவுள்தான் என்றால், சின்னப் பங்கு விழுந்தவன் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா?

இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. உரோமப் பேரரசில் அடிமையாக இருந்து, பிறகு விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ் என்ற ஞானி சொன்னது: வாழ்க்கை ஒரு நாடகம், நீ அதில் நடிகன். பிச்சைக்காரன், நொண்டி, அரசன் என்று எந்த வேடத்தைத் தருவது என்பது நாடகாசிரியர் பாடு. கிடைத்ததை நன்றாக நடிப்பது உன் பாடு. சொன்னவருக்கும் கால் ஊனம். ஆகவே வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கீதை தன் தர்மத்தைக் குறையோடு செய்வது பிறர் தர்மத்தைச் சிறப்பாகச் செய்வதைவிட மேல் என்கிறது. புனித பவுல் திருச்சபையை ஓர் உடலாக்கி, அற்பமாய்த் தோன்றும் உறுப்பும் உடலுக்கு வேண்டியதே என்று எழுதுகிறார். மூன்று இடத்திலும் ஆறுதல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆறுதல் என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவனுக்கு இந்தப் போதனை நிரம்பப் பிடிக்கும்.

வேடம் பிரிப்பதை மேடையிலேயே பார்த்த சனமும் உண்டு. இலங்கையின் மன்னார்த் தீவிலும் அதன் எதிரே பெருநிலத்தில் இருக்கும் மாதோட்டத்திலும் மேடையும் வழிபாடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அங்கே கத்தோலிக்கரின் கூத்துக்கு மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு மரபு. பாலன் இயேசுவைத் தேடி வந்த மூன்று அரசர்களின் கதை வாசாப்பாகப் பாடப்படுகிறது. எண்டிறீக்கு எம்பரதோர், ஞானசவுந்தரி என்று நாடகங்கள் விடிய விடிய ஆடப்பட்டிருக்கின்றன. பேசாலையில் தபசு காலத்துக்கு உடக்குப் பாஸ் உண்டு. உடக்கு எனப்படும் உருவங்களை வைத்துத் திருப்பாடுகளைக் காட்டுவது. ஆட்களே வேடம் கட்டி நடிக்கும் பாஸும் உண்டு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏட்டை வைத்துக்கொண்டு ஆட்களைத் தெரிவுசெய்யும்போது, இன்னாருக்கு இன்ன வேடம் என்பது ஊருக்குள் பெரிய விசயம். யேசுவாக ஒருவர் நடிக்க வேண்டுமென்றால் யூதாசாகவும் ஒருவர் நடிக்கத்தான் வேண்டும். கொட்டிலில் வலை பின்னுகிறவர் ஓர் இரவுக்கு உரோமைச் சக்கரவர்த்தி ஆவார்.

கத்தோலிக்கக் கூத்துகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கதை நீளம், ஆட ஆசைப்படுகிறவர்களும் அதிகம் என்பதால், ஒரே பாத்திரத்தை இரவின் வெவ்வேறு சாமத்தில் வெவ்வேறு பேர் கட்டுவார்கள். முன்சாமத்தில் ஒரு ராசா, பின்சாமத்தில் வேறொரு ராசா. முடி அதேதான், உள்ளே இருக்கும் தலை மாறிவிடுகிறது. பாத்திரம் வேறு, அதைச் சுமக்கிறவன் வேறு என்பதைத் தத்துவ வகுப்புக்குப் போகாமலே அந்தச் சனம் இரவிரவாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. எபிக்டெட்டஸ் சொன்ன நாடகத்தில் இப்படி முடியைக் கை மாற்றிக்கொள்ள வழி இல்லை.

கூத்தில் ராசா தானாக வந்து நிற்பதில்லை. கட்டியகாரன் முதலில் வந்து வரவைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இந்தக் கட்டியகாரனே விகடனும். ராசாவைப் புகழ வந்தவன் புகழ்கிற சாக்கில் நையாண்டி செய்வான்; சனத்தைப் பார்த்து ஊர்ச் சங்கதி பேசுவான். அரசனின் பெருமை இந்தச் சின்ன மனுசன் வாயைத் தாண்டித்தான் மேடைக்கு வந்தாக வேண்டும். பேசும் படத்தின் நகைச்சுவை நடிகர் இவனுடைய பேரப்பிள்ளை.

அந்தப் பேரப்பிள்ளை மன்னாருக்கு அந்நியன் அல்லன். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் வந்தபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் ஏறி, இடையில் கப்பல் மாறி, கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இரு நாட்டுக்கும் இடையில் சாதாரணச் சனம் போய்வந்த பாதை இதுதான். 1926இல் கே.பி. சுந்தராம்பாள் இலங்கையில் நடித்துக்கொண்டிருந்தபோது எஸ்.ஜி. கிட்டப்பா இங்கே வந்து அவரோடு மேடையேறினார். தமிழ் மேடையின் மிகப் பெரிய சோடி சேர்ந்த இடம் கொழும்பு. பின்பு சினிமா வந்ததும் திசை திரும்பியது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. எடுக்கப்பட்டது மதுரையில், எஸ்.எம். நாயகத்தின் ஸ்டூடியோவில். அதிலும் வேலைக்காரன் வேடத்தில் வந்து சிரிக்க வைத்தவர் எடி ஜயமான்ன.

நாடகக்காரருக்கு முன்பே இந்தக் கரையில் இறங்கியவர்கள் கூலிகள். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1936இல் வந்த 'சதி லீலாவதி'யில் கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் ஓடிவந்து கூலியாகிறான். எஸ்.எஸ். வாசன் கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆர். முகம் காட்டிய முதல் படம், என்.எஸ். கிருஷ்ணனுக்கும் சினிமா அனுபவம் அதில்தான் தொடங்கியது. கூலி அழவேண்டிய கதையில் பக்கத்தில் நின்று சிரிக்க வைக்கிறவனுக்கும் இடம் ஒதுக்கி இருந்தார்கள்.

கூலி என்றதும் மாதோட்டத்தில் நினைவுக்கு வரவேண்டிய ஆள் வேறொருவர். பாலாவிக் கரையில் இருக்கும் திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் காலத்தில் தரைமட்டமாகி, மண் மூடிக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. அங்கே இருக்கும் சிவனுக்கு மதுரையில் ஒரு நாள் கூலி வேலை கிடைத்த கதை திருவிளையாடற் புராணத்தில் வருகிறது.

வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலிக்காரனாக வருகிறார் சிவன். சம்பளம் உதிர்ந்த பிட்டு. (வடக்கில் காலையும் மாலையும் பிட்டுத் தின்கிற சனத்துக்கு அந்தச் சம்பளத்தின் மதிப்பு விளங்கும்.) தின்றுவிட்டு வேலை செய்தாரா என்றால் இல்லை. மண்ணை எடுப்பார், கொட்டுவார், பாடுவார், ஆடுவார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். எல்லாருடைய பங்கும் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடந்தது. பாண்டியன் வந்து பார்த்தான், பிரம்பால் முதுகில் ஓர் அடி போட்டான். அடி அவன் முதுகிலும் விழுந்தது. அரசி, மந்திரி, படைவீரர், ஊர்ச்சனம், வயிற்றில் இருந்த பிள்ளை வரை எல்லார் முதுகிலும் விழுந்தது. கூலிக்காரன் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்துபோனான்.

பக்தர்கள் இதை மாணிக்கவாசகருக்காக நடந்த அற்புதமாகப் படிக்கிறார்கள், அது சரிதான். ஆனால் காட்சியின் கட்டுமானத்தைப் பார்த்தால் இது ஒரு விகடக் காட்சி. வேலை செய்யாத வேலைக்காரன், பொறுமை இழக்கும் எசமான், கடைசியில் ஓர் அடி. காளி ரத்தினமும் என்.எஸ். கிருஷ்ணனும் வாழ்நாளெல்லாம் நடித்தது இதைத்தான். நாடகாசிரியரே மேடையேறத் தீர்மானித்தபோது பாண்டியன் வேடத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. எடுத்தது கூலியாள் வேடம், அதுவும் சோம்பேறிக் கூலியாள்.

எபிக்டெட்டஸின் பதில் இங்கே நொறுங்குகிறது. அவருடைய நடிகன் அடி விழுந்தால் நன்றாக வாங்கிக்கொள்வான். மதுரைக் கூலியாள் வாங்கிய அடி வாங்கிய இடத்தில் நிற்கவில்லை. 'சபாபதி'யிலும் அதுதான் நடக்கிறது. வேலைக்காரன் தவறே செய்வதில்லை. எசமான் வாயில் இருந்து விழுந்த சொல்லை விழுந்தபடியே செய்கிறான். அபத்தம் சொல்லிலேயே இருந்தது. கீழ்ப்படிந்ததால் அது வெளியே வந்தது. வேலைக்காரனைப் பார்த்துத் தொடங்கும் சிரிப்பு பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பெரிய சபாபதியிடம் போய், அங்கிருந்து கே. சாரங்கபாணி நடித்த தமிழ் வாத்தியாரிடம் தாவி, கொட்டகையில் இருக்கும் நம்மிடமே வந்துவிடுகிறது. தொல்காப்பியம் சிரிப்புக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் ஏளனம் ஒன்று, அறியாமை ஒன்று, மடமை ஒன்று. யாருடைய மடமை என்று அது சொல்லவில்லை. அங்கேதான் நடிகனுக்கு வேலை.

மதம் சிரிப்பைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். நான்காம் நூற்றாண்டின் புனித யோவான் கிறிசோஸ்தோம், கிறிஸ்து அழுததைப் பார்க்கிறோம், சிரித்ததைப் பார்க்கவில்லை என்று பிரசங்கித்தார். மன்னாரில் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். 1544இல் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொல்லச் செய்தான்; ஏறத்தாழ அறுநூறு பேர் என்பது திருச்சபை மரபு. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினிக்கு ஆலயம் இருக்கிறது. இரத்தத்தில் தொடங்கிய விசுவாசத்தின் பக்கத்தில் கோமாளிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

அதே திருச்சபைதான் ஒரு விகட நடிகனையும் புனிதராக வைத்துக்கொண்டிருக்கிறது. ஜெனேசியுஸ். தியோக்கிளேசியான் காலத்து உரோமையில் கிறிஸ்தவரைக் கேலி செய்யும் நாடகத்தில், ஞானஸ்நானம் பெறுகிறவனாக நடித்தான் என்பது ஐதீகம். தண்ணீர் தலையில் விழுந்ததும் நடிப்பு நின்றுவிட்டது, நான் உண்மையிலேயே கிறிஸ்தவன் என்று பேரரசன் முன்னால் சொன்னான், தலை போயிற்று. இன்று அவர் நடிகர்களின் பாதுகாவலர். நையாண்டிக்காக எடுத்த கூர்மை எடுத்தவனையே திரும்பிக் குத்திய கதை இது. மதுரைப் பிரம்புக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கிடைத்த வேடத்தைத் திருப்பிப் போடுவதில் என்.எஸ். கிருஷ்ணன் இன்னும் ஒரு படி போனார். 1908இல் நாகர்கோவிலில் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்து, டி.ஏ. மதுரத்தோடு இணைந்து ஏறத்தாழ இருபது ஆண்டு தமிழ் உலகைச் சிரிக்க வைத்தவர். நகைச்சுவைப் பகுதியைத் தானே தனியாக உருவாக்கிப் படத்தில் சேர்க்கும் அளவுக்கு அவருக்குச் சந்தை இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சந்திரஹரி'யில் நடித்தார். அரிச்சந்திரனைத் தலைகீழாக்கிய கதை: பொய்யைத் தவிர வேறு பேசாத அரசன், அவனை எப்படியாவது உண்மை பேச வைக்கப் பாடுபடும் உலகம். வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த மயான காண்டத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இந்தக் கேலி எவ்வளவு துணிச்சலானது என்று சொல்லத் தேவையில்லை. அரிச்சந்திரனை அது சிறுமைப்படுத்தவில்லை. வாய்மையைக் கும்பிட்டுவிட்டுக் கடையில் போய்ப் பொய் சொல்கிறவனைத்தான் பிடித்தது.

'கிந்தனார்' இன்னும் கூர். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947இல் விடுதலையாகி வந்தவர், அண்ணாதுரை வசனம் எழுதிய 'நல்லதம்பி'யில் 1949இல் இந்தக் கதாகாலட்சேபத்தை வைத்தார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சிதம்பரம் போக ஆண்டையிடம் கெஞ்சுவான், ஆண்டை விடமாட்டார், கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் சந்நிதிக்குள் போக முடியும். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்படுகிறான், ரயில் ஏறுகிறான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்புகிறான். பாகவதர் பாணி அப்படியே இருக்கிறது, சுருதியும் தாளமும் இருக்கின்றன, நெருப்புக்குழி மட்டும் இல்லை. வேடத்தைப் பிரித்துக் கொடுத்தவர் கடவுள் என்று இத்தனை காலம் சொன்னீர்களே, ஆண்டைதானே பிரித்தார் என்பதைச் சண்டை இல்லாமல் சொன்ன காலட்சேபம். பக்தர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நாத்திகப் பிரசாரம் என்று அதைச் சுருக்குவது அந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம். நந்தன் மீது அன்பில்லாதவர் அதை எழுதியிருக்க முடியாது.

வேடத்தை விட்டே வெளியேற முயன்றவர் சந்திரபாபு. 1927இல் தூத்துக்குடியில் பிறந்து, பனிமயமாதாவின் பெயரைத் தாங்கி, இளமையின் ஒரு பகுதியைக் கொழும்பில் கழித்தவர். மன்னாரைப் போலவே முத்துக் குளிப்பும் சவேரியாரும் சேர்ந்து உருவாக்கிய கரையின் பிள்ளை. பேசும் படத்தின் முதல் தலைமுறைக்குச் சற்றுப் பிந்தியவர். கோமாளியாக உச்சத்தில் இருந்தபோது தானே இயக்கி நாயகனாகவும் நடித்து 1966இல் ஒரு படம் எடுத்தார். சுவிசேஷத்தில் இருந்து பெயர் வைத்தார்: 'தட்டுங்கள் திறக்கப்படும்'. படம் ஓடவில்லை. 1974இல் அவர் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சின்ன வேடத்தில் இருந்துகொண்டே எசமானைக் கவிழ்ப்பவனைக் கொண்டாடும் சனம், பெரிய வேடத்தைக் கேட்கிறவனிடம் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. கூலியாளாக வந்த சிவனுக்கு மறைந்துபோக ஓர் இடம் இருந்தது.

இந்தப் பரம்பரையின் பிந்திய கிளை 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்'. கவுண்டமணி இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றோடு வருகிறார். மற்றது எங்கே என்றால், அதுதான் இது என்கிறார். கவுண்டமணி கத்துகிறார், தலையில் அடித்துக்கொள்கிறார், ஆள் சேர்க்கிறார், பதில் மாறவில்லை. காளி ரத்தினம் உயிரோடு இருந்திருந்தால் தன் வேலைக்காரனை அடையாளம் கண்டிருப்பார். அதே இருவர் நடித்த வேறு பல படங்களில் இந்தத் திருப்பம் இருக்காது. செந்திலின் தலையும் வயிறும் நிறமும் கேலியாகும், உதை விழும், காட்சி அத்தோடு முடியும். அடி பாண்டியன் முதுகுவரை போகாது. கொட்டகை அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.